வாசலுக்கு அப்பால் உள்ள மண்

வீட்டின் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்டால், பத்திரத்தைப் பார்த்து எவரும் விடை கூறிவிடுவர். ஆனால் வாசற்படிக்கும் வீதிக்கும் இடையே கிடக்கும் அந்த நாலடி மண் யாருடையது என்று கேட்டால், விடை அத்துணை எளிதில் வருவதில்லை. அதை நாள்தோறும் கூட்டுகிறவர் வீட்டுக்காரர். தண்ணீர் தெளிக்கிறவரும் அவரே. அங்கே குப்பை சேர்ந்தால் அண்டை வீட்டார் குறை சொல்வதும் அவரைத்தான். ஆகவே அதில் ஒரு வேப்பங்கன்றை நடும்போது, பிறர் பொருளில் கை வைக்கிறோம் என்னும் எண்ணமே அவருக்கு எழுவதில்லை. வேம்பை அடுத்து ஒரு மருதாணிச் செடி, ஒரு மல்லிகைக் கொடி, ஆடு மேயாதிருக்க ஒரு கம்பி வேலி. சில ஆண்டுகள் சென்றபின் மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வருகிறது: பொது இடத்தை ஆக்கிரமித்திருக்கிறீர், அகற்றுக என்று. மரம் வளர்த்த கைக்கு ஆக்கிரமித்த கை என்றா பெயர் என்று அவர் மனம் வெதும்புகிறது.

நம் நாட்டு நகரங்கள் அனைத்திலும் காணக்கூடிய இந்தப் பிணக்கைச் சட்டத்தின் கண்ணால் மட்டும் பார்த்தால், ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். அறத்தின் கண்ணால் பார்க்கும்போதோ அது நம்மைச் சற்று நின்று சிந்திக்க வைக்கிறது. ஏனெனில் இங்கே நன்மைக்கும் தீமைக்கும் இடையே வழக்கு இல்லை. இரண்டு நன்மைகளுக்கு இடையேதான் வழக்கு. ஒரு மரத்தை நட்டு, அதன் பயனை மனிதரோ பறவையோ கால்நடையோ அனுபவித்தால், அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதும் அவர்களின் போதனையே. வீட்டுக்காரர் முதலாவதைச் சுட்டிக்காட்டுகிறார். நகராட்சி இரண்டாவதைச் செய்வதாகக் கூறுகிறது. இரண்டும் நன்மையாயின், ஒன்றன் முன் மற்றொன்று எப்போது தலைவணங்க வேண்டும்? நாம் ஆராய விரும்புவது இதனையே.

அயல்நாட்டில் நடந்த ஒரு வழக்கை முதலில் காண்போம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென்பகுதி, ஏழை மக்கள் மிகுதியாக வாழ்வது; நல்ல காய்கனிகள் எளிதில் கிடைக்காத இடம். அங்கே ரான் ஃபின்லி என்னும் ஆடை வடிவமைப்பாளர், 2010 ஆம் ஆண்டில், தம் வீட்டின் முன்னே நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே இருந்த நிலத்தில் காய்கறிகளையும் பழச்செடிகளையும் பயிரிட்டார். ஏறத்தாழ 150 அடி நீளமும் 10 அடி அகலமும் உடைய நிலம் அது. அதன் உரிமையாளர் நகராட்சி. ஆனால் அதைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் பொறுப்போ வீட்டுக்காரருடையது. புல் வளர்த்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உணவு வளர்த்ததால், அனுமதியின்றிப் பயிரிட்டார் என்று நகராட்சி குற்றம் சாட்டியது, அகற்றுமாறு பணித்தது, அவர் இணங்காதபோது கைது ஆணை வரை சென்றது. செய்தித்தாள் ஒன்று இதனை எழுதியது. ஏறத்தாழ 900 பேர் கையொப்பமிட்டு விண்ணப்பம் அளித்தனர். இறுதியில் நகராட்சி இறங்கி வந்தது. பின்னர் நகரமன்றம் தன் விதிகளையே தளர்த்தி, அத்தகைய நிலத்தில் உண்ணும் பயிர் வளர்க்க இடமளித்தது.

இந்த வரலாற்றைக் கேட்டவுடன், வீட்டுக்காரர் வென்றார், அதிகாரம் தோற்றது என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். ஆனால் அவர் வென்றதன் காரணத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். அந்தத் தோட்டத்தை அவர் தமக்கென்று அடைத்து வைக்கவில்லை. வழியே போகிறவர் பறித்து உண்ண வேண்டும் என்பதற்காகவே வீதியோரத்தில் நட்டதாக அவர் கூறினார். பொது நிலத்தில் விளைந்தது பொதுமக்களுக்கே சென்றது. இந்த ஒன்றை நீக்கிவிட்டுப் பார்த்தால், அவருடைய வழக்கில் எஞ்சுவது மிகச் சிறிதே.

இனி நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் கித்தாபுகள் என்ன கூறுகின்றன என்று பார்ப்போம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 676 இல், அதாவது கி.பி. 1277 இல் மறைந்தவர்கள். அவர்கள் தொகுத்த மின்ஹாஜ், ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அதில் சமாதான உடன்படிக்கை பற்றிய பாடத்தில், எல்லோரும் போய்வரும் வீதியைக் குறித்த சட்டங்கள் வருகின்றன. அத்தகைய வீதியில் திண்ணை கட்டுவதும் மரம் நடுவதும் கூடாது என்பதே அங்கே வலுவான கருத்தாகத் தரப்படுகிறது. இடையூறு இல்லையாயின் கூடும் என்னும் மற்றொரு கருத்து அடுத்த நிலையில் வைக்கப்படுகிறது. மரம் நடுவதை இத்துணைப் போற்றும் மார்க்கத்தில், மரம் நடுவது கூடாது என்று ஒரு வரியா என்று நாம் வியக்கிறோம்.

உரையாசிரியர்கள் அதற்கு இரண்டு காரணங்கள் கூறுகின்றனர். ஒன்று, இன்று அகலமாகத் தோன்றும் வீதியில் நாளை கூட்டம் பெருகும். அன்று அந்த இடம் தேவைப்படும். மற்றது மிக நுட்பமானது. ஆண்டுகள் பல கழிந்தால், திண்ணை இருந்த இடமும் மரம் நின்ற இடமும் சொந்த நிலத்தைப் போலவே ஆகிவிடும்; அது ஒருகாலத்தில் எல்லோருடைய வழியாக இருந்தது என்னும் அடையாளமே அழிந்துவிடும். மனித மனத்தை எவ்வளவு நன்றாக அறிந்து எழுதியிருக்கிறார்கள்! தந்தை நிழலுக்காக நட்ட மரம், மகன் காலத்தில் வண்டி நிறுத்தும் கொட்டகையின் தூணாகிறது. பேரன் காலத்தில் வீட்டின் எல்லைக்கல்லாகிறது. நட்டவர் நல்லவர், ஆனால் நட்டவர் மறைந்தபின் அவருடைய நல்லெண்ணம் அந்த மண்ணில் காவல் நிற்பதில்லை.

நம் மதுரைப் பகுதியில் பலரும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூல் ஹிதாயா. பொது வழியில் ஒருவர் மழைநீர்க் குழாயையோ கடையையோ நீட்டிவிட்டால், சாமானிய மக்களுள் எவரும் அதை அகற்றக் கோரலாம் என்று அந்நூல் கூறுகிறது. எவருக்கும் தீங்கில்லாத வரை அதனைப் பயன்படுத்திக்கொள்ள அவருக்கு இடமுண்டு என்றும் கூறுகிறது. வழியில் ஒருவர் கல்லை வைத்து, அதனால் இன்னொருவர் உயிரிழந்தால், அதற்கான நஷ்டஈடு வைத்தவர் பக்கத்தையே சாரும். ஆட்சியாளரின் கட்டளைப்படி வீதியில் கழிவுநீர்க் குழி தோண்டியவருக்கோ அந்தப் பொறுப்பு இல்லை. அனுமதி என்பது வெறும் காகிதம் அன்று. பொறுப்பு யாருடையது என்பதை மாற்றும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது இதனால் விளங்குகிறது. துர்ருல் முக்தார் என்னும் பிற்கால நூல், இவ்வாறு ஆட்சேபிக்கும் உரிமையை முஸ்லிமல்லாத குடிமகனுக்கும் உரியதாக்குகிறது. வீதியில் நடக்கும் உரிமைக்கு மதம் இல்லை.

ஆகவே, நிய்யத்து நல்லதாயிருப்பதால் மண் நம்முடையதாகிவிடாது. முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்த பாரியைத் தமிழுலகம் ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றுகிறது. அவன் கொடுத்தது தன்னுடைய தேரை. கொடிக்கு இரங்கி ஊராரின் தேரை நிறுத்திவைத்திருந்தால் அதை வள்ளன்மை என்று யாரும் பாடியிருக்கமாட்டார்கள். தர்மம் செய்ய விரும்புகிறவர், தம் கையிலுள்ளதிலிருந்தல்லவா செய்யவேண்டும்? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொள்வதற்கும் மறுமையில் கடுமையான விசாரணை உண்டு என்ற எச்சரிக்கையில், அந்த நிலம் தனியாருடையதா பொதுவுடையதா என்ற வேறுபாடு இல்லை. தனியாரிடமிருந்து எடுத்தால் ஒருவரிடம் மன்னிப்புப் பெற்றால் போதும். பொதுவிலிருந்து எடுத்தாலோ எத்தனை பேரைத் தேடிச் செல்வது?

இவ்வளவும் வீட்டுக்காரரை நோக்கிக் கூறினோம். நகராட்சியை நோக்கிக் கூற வேண்டியது இதற்குக் குறைந்தது அன்று.

வீதி நகராட்சியின் சொத்து என்று நாம் பேச்சுவாக்கில் கூறுகிறோம். உண்மையில் அது மக்களின் சொத்து. நகராட்சியின் கையில் அது அமானிதம். அமானிதத்தைக் காப்பவருக்கு அதிகாரம் உண்டு, ஆணவம் இருக்கலாகாது. இதற்கு ஒப்பற்ற எடுத்துக்காட்டாக, ஹதீஸ் நூல்களில் காணப்படும் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வோம்.

பெருமானாரின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு நீர்க்குழாய், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பள்ளிவாசலுக்குச் செல்லும் வழியை நோக்கி நீண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, உமர் (ரலி) அவர்கள் ஜும்ஆவுக்காக ஆடை அணிந்து அவ்வழியே சென்றபோது, மேலே அறுக்கப்பட்ட கோழிகளின் இரத்தம் கலந்த நீர் அவர்கள்மீது விழுந்தது. வழிப்போக்கருக்குத் தொல்லை என்று கண்டு, அந்தக் குழாயைப் பெயர்த்துவிட ஆணையிட்டார்கள். வீடு திரும்பி உடைமாற்றி வந்து தொழுகை நடத்தினார்கள். பின்னர் அப்பாஸ் (ரலி) அவர்கள் வந்து, அந்தக் குழாயை அந்த இடத்தில் வைத்தவர்கள் அல்லாஹ்வின் தூதரே என்று தெரிவித்தார்கள். உடனே கலீஃபா அவர்கள், தம் முதுகின்மீது ஏறி நின்று அதே இடத்தில் அதனைத் திரும்பப் பொருத்துமாறு அப்பாஸ் அவர்களை வற்புறுத்தினார்கள். அவ்வாறே செய்யப்பட்டது.

பேரரசு ஒன்றின் தலைவர் தம் முதுகைப் படிக்கட்டாக்கினார் என்பதோடு இந்நிகழ்ச்சியை நாம் முடித்துவிடுகிறோம். இன்னும் மூன்று செய்திகள் அதில் உள்ளன. தொல்லையைக் கண்டதும் ஆட்சி தயங்கவில்லை. வீட்டுக்காரர் பெருமானாரின் குடும்பத்தவர் என்பதும் அதைத் தடுக்கவில்லை. வீட்டுக்காரர் பூசல் செய்யவில்லை. தம்மிடமிருந்த சான்றை எடுத்துரைத்தார். அந்தச் சான்றும் ஓர் அனுமதியே. சான்று வந்தபோது, பிறப்பித்த ஆணையைத் திரும்பப் பெறுவதை ஆட்சி இழுக்காகக் கருதவில்லை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழக்கு நீண்டு பகையாகியிருக்கும். நம் ஊர்களில் பெரும்பாலும் மூன்றுமே குறைகின்றன.

நம் நாட்டு நீதிமன்றமும் இதையொத்த ஒரு நெறியைக் கூறியிருக்கிறது. 1981 ஆம் ஆண்டில் பம்பாய் நகரின் நடைபாதைகளிலும் சேரிகளிலும் வாழ்ந்தோரின் குடிசைகள் இடிக்கப்பட்டன. நம் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நிலமற்ற தொழிலாளி ஒருவரின் குடும்பம், குடிசை இடிக்கப்பட்டுச் சேலத்துக்கே பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டது. அவரும் வாதிகளுள் ஒருவர். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர்பெற்ற அதில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் 1985 ஜூலையில் தீர்ப்பளித்தனர். நடைபாதை நடப்பதற்கே உரியது. அதை ஆக்கிரமிக்க எவருக்கும் உரிமை இல்லை என்றனர். ஆயினும் உயிர்வாழும் உரிமையில் பிழைப்பும் அடங்கும் என்றும், அகற்றும்முன் அறிவிப்புத் தந்து அவர்கள் கூறுவதைக் கேட்பதே பொது விதி என்றும் தெளிவுபடுத்தினர். மழைக்காலம் கழிந்து அக்டோபர் இறுதி வரை அவர்களை அகற்றலாகாது என்று தவணையும் அளித்தனர். சட்டம் தன் எல்லையை விட்டுக்கொடுக்கவில்லை, இரக்கத்தையும் கைவிடவில்லை. குடிசைக்கே இந்த நெறி என்றால், ஒரு செடிக்கு ஒரு கேள்வியேனும் கேட்கக்கூடாதா?

இனி, செடியைக் காக்க வேண்டிய அமைப்பே செடியின் கழுத்தை நெரிப்பதும் உண்டு. நடைபாதை போடும் குத்தகைதாரர்கள், மரத்தின் தூர்வரை சிமெண்டைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். வேருக்கு நீரும் காற்றும் செல்வதில்லை. ஒரு புயலில் மரம் சாய்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஆம் ஆண்டில், டெல்லி நகர மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குள் இருந்த காங்கிரீட்டை அகற்றுமாறு உத்தரவிட வேண்டியதாயிற்று. மரத்தை நட்டவரை ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்கும் அதிகாரி, மரத்தின் இடத்தைச் சிமெண்ட் ஆக்கிரமித்ததையும் தம் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் கோரிப்பாளையத்தை எண்ணிப் பாருங்கள். வையையின் வடகரையில், தர்காவின் பெரிய குவிமாடத்தைச் சுற்றி நெருங்கி அமைந்த தெருக்கள். ஆற்றைக் கடந்து வரும் போக்குவரத்து எல்லாம் வந்து முட்டும் சந்திப்பு. அருகிலேயே தென் மாவட்டத்து ஏழைகள் நம்பி வரும் அரசு இராசாசி மருத்துவமனை. இச்சந்திப்பின் நெரிசலைத் தீர்க்க மேம்பாலம் கட்டுவதற்கு 2023 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய இடத்தில் வீட்டு வாசலில் ஓரடி நீண்டால், அந்த ஓரடி யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது? சக்கர நாற்காலியில் செல்லும் முதியவரிடமிருந்து. கைத்தடியால் வழி தடவும் பார்வையற்றவரிடமிருந்து. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாறுகால் ஓரமாக ஒதுங்கி நடக்கும் தாயிடமிருந்து. இவர்களுள் எவரும் நம் வாசலில் வந்து வழக்குரைப்பதில்லை. வண்டிக்கு அஞ்சி, வேலியைச் சுற்றிக்கொண்டு, பேசாமல் போய்விடுகிறார்கள். அவர்கள் பேசாததை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்புமாகும். பங்குனி, சித்திரை வெயிலில் மதுரையின் தெருக்கள் அடுப்பாகின்றன. ஒவ்வொரு கன்றுக்கும் அனுமதி கேட்டுக் காத்திருந்தால் ஒரு கன்றும் நடப்படாது. கியாமத் நாளே வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு ஏவிய மார்க்கம் அல்லவா நம்முடையது? அந்த முதியவரும் அந்தத் தாயும் நடப்பது வெயிலில்தானே. நிழலும் அவர்களின் உரிமை அன்றோ?

உண்மை. நிழலும் வழியின் உரிமைகளுள் ஒன்றுதான். சாலையோரம் மரங்கள் நட்டுச் சத்திரங்கள் கட்டிய இராணி மங்கம்மாளின் பெயர், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நம் பக்கத்துச் சாலைகளில் வழங்குவது அதனால்தான். எனவே மரம் வேண்டுமா, வழி வேண்டுமா என்று கேட்பதே தவறு. அந்த மரம் யாருக்காக நிற்கிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அதை அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நம் வாசல் மரத்தடியில் முன்பின் அறியாத ஒருவர் வந்து அமர்கிறார்; கூடையை இறக்கி வைக்கிறார். நம் முருங்கையில் ஒரு கொத்துக் கீரையை ஒருத்தி ஒடித்துச் செல்கிறாள். அப்போது நம் உள்ளம் குளிர்கிறதா, கொதிக்கிறதா? குளிருமாயின், நாம் நட்டது மரம், அது தர்மம். கொதிக்குமாயின், நாம் நட்டது இலையும் பூவும் உள்ள ஒரு சுவர். லாஸ் ஏஞ்சல்ஸ் தோட்டத்தையும் நம் கம்பி வேலித் தோட்டத்தையும் பிரிக்கும் கோடு இதுவே.

இந்தச் சோதனையில் தேறியவருக்கும் சில கடமைகள் உண்டு. நடுவதற்குமுன் எழுத்தில் கேட்பது. வழியை அளந்து விட்டு நடுவது. பாதையின் அளவில் பிணக்கு வந்தால் 7 முழம் விடுக என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வகுத்தார்கள்; அது ஏறத்தாழ பத்தரை அடி. அன்றைய மதீனாவுக்கு அது போதுமான வீதி. மூன்றாவது, வேலியிடாதிருப்பது. நான்காவது, பொதுத் தேவைக்கு உண்மையாகவே அந்த இடம் வேண்டும் என்று வரும்போது, மனம் நோவினும் வழக்காடாமல் விட்டுக்கொடுப்பது.

நகராட்சிக்கும் சோதனை உண்டு. கேட்டவருக்குக் குறித்த காலத்தில் விடை தருகிறதா? அகற்றும்முன் அறிவிக்கிறதா? வேருடன் பெயர்த்து வேறிடத்தில் நடக்கூடியதை நட முயல்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழையின் பூந்தொட்டியை அள்ளும் அதே வண்டி, செல்வரின் வீட்டுச் சாய்தளத்தின் முன்னும் கட்சிக்காரரின் கொடிமேடையின் முன்னும் நிற்கிறதா? மேலோர் தவறு செய்தால் விட்டுவிட்டு எளியோரைத் தண்டித்ததால் முன்னைய சமுதாயங்கள் அழிந்தன என்னும் எச்சரிக்கை, ஆட்சிபீடங்கள் அனைத்துக்கும் உரியது.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை, வீதிகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு தோழர்களுக்குக் கூறினார்கள். கூடிப் பேசுவதற்கு எங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டார்கள். அவ்வாறாயின் வழிக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்னும் கருத்தில் இசைவு வந்தது. பார்வையைத் தாழ்த்துதல், தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவை அந்த உரிமைகள் என்று விளக்கமும் கிடைத்தது. ஆணை, முறையீடு, நிபந்தனையுடன் இசைவு. ஒரு வீட்டுக்காரருக்கும் ஒரு நகருக்கும் இடையே வர வேண்டிய உடன்பாட்டின் வடிவம் இதுவே. இரு தரப்பிலும் குரல் உயர வேண்டியதில்லை. செவி திறந்தால் போதும்.

உலகில் வழிப்போக்கனைப் போல் வாழ்க என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பத்திரத்தில் நம் பெயர் இருக்கும்வரைதான் நாம் வீட்டுக்காரர். வழிப்போக்கர் என்னும் பெயரோ இறுதிவரை நம்மை விடுவதில்லை. ஒரு நாள் நம் வீட்டு வாசலிலிருந்தே நம்மைச் சந்தூக்கில் வைத்து, நான்கு பேர் தோள்கொடுத்துச் சுமந்து செல்வர். அன்று அவர்கள் அருகருகே நடப்பதற்கு அந்த நாலடி மண்ணும் வேண்டியிருக்கும். அதை இன்று நாம் எவருக்கும் அடைத்துவிடாதிருக்க அல்லாஹ் நல்லருள் புரிவானாக.